துயருற்றார்க்குத் துயருற்றாரே துணை

கள்ளுண்ணாமையைப் பற்றிக் கூறுமிடத்து வள்ளுவர் இரண்டு கருத்துக்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். குடிமயக்கத்தில் ஆழ்ந்தவனை நியாயங் கூறித் தெளிவிக்க முயல்வது பயன்படா முயற்சி என்பது ஒன்று. குடிக்கும் பழக்கமுடைய ஒருவன், தான் தெளிந்திருக்கும் வேளையில் வேறொரு குடியனைக் காண்பானாயின், தன் கேட்டினையும் அங்கே கண்டுகொள்ளலாமே என்பது மற்றையது. அறிவுரை புகாத உள்ளத்திலும் ஒத்த துன்பமுடைய ஒருவனின் காட்சி புகும் என்னும் இவ்வுண்மை, அமெரிக்க நாட்டிலே ஏறக்குறைய நூறாண்டு இடைவெளியில் இருமுறை பெருஞ் சங்கமாக உருப்பெற்றது. அவற்றுள் முன்னையது சில ஆண்டுகளுக்குள் மறைந்தது. பின்னையது இன்றும் நிலைத்து நிற்கின்றது. ஒன்று மறைந்ததற்கும் மற்றது நிலைத்ததற்கும் உரிய காரணம் ஆராயற்பாலது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கர் மிகுதியாகக் குடித்தனர். 1830ஆம் ஆண்டளவில், பதினைந்து வயதைக் கடந்தோர் ஒவ்வொருவருக்கும் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 7 கலன் தூய மதுசாரம் செலவாயிற்று என ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். இக்கேட்டினைக் கண்டு மனம் வருந்திய சமயகுருமாரும் செல்வரும் 1826ஆம் ஆண்டில் பொஸ்டன் நகரத்தில் அமெரிக்க மதுவிலக்குச் சங்கத்தை நிறுவினர். ஆயினும் அவர்கள் நோக்கம் குடியரைத் திருத்துவதன்று. குடியாதவரைக் குடியாதவராகவே காத்துக்கொள்ளுதல் வேண்டும். குடியில் வீழ்ந்தோர் காலப்போக்கில் மாண்டொழிவர். அதன்பின் நாடு தூய்மையடையும் என்பதே அவர்தங் கணக்கு. வீழ்ந்தவன் மீண்டெழுவான் என்னும் நம்பிக்கை அக்கணக்கில் இடம்பெறவில்லை.

அந்நம்பிக்கை எதிர்பாராத ஓரிடத்திற் பிறந்தது. 1840ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், பால்டிமோர் நகரத்துத் தவறணையொன்றில் ஆறு நண்பர்கள் கூடியிருந்தனர். தையற்காரர், தச்சர், கொல்லர், வண்டி செய்பவர், வெள்ளி வேலை செய்பவர் என அவர்கள் யாவரும் கைத்தொழிலாளர். அன்றிரவு அந்நகரில் மதுவிலக்குப் போதகர் ஒருவர் சொற்பொழிவாற்றவிருந்தார். அவர் கூறுவதைக் கேட்டு வருமாறு தம்முட் சிலரை அவர்கள் விளையாட்டாக அனுப்பினர். சென்றவர் மீண்டுவந்து கேட்டதைக் கூறவே, விளையாட்டு வினையாயிற்று. சில நாட்களுள் அறுவரும் இனிக் குடிப்பதில்லையென உறுதி எழுதிக் கையொப்பமிட்டனர். தம் சங்கத்துக்கு நாட்டின் முதற் சனாதிபதியான யோர்ஜ் வாசிங்டனின் பெயரைச் சூட்டினர்.

சங்கம் முதலிற் கூடியதும் தவறணையிலேதான். நல்ல வாடிக்கையாளரை இழக்கத் தவறணை வீட்டார் விரும்பாமையால், தச்சரின் பட்டறைக்கு அது குடிபெயர்ந்தது. அதன் விதிகள் எளியவை. ஒவ்வொருவரும் அடுத்த கூட்டத்துக்குப் புதிதாக ஒருவரை அழைத்து வருதல் வேண்டும். கூட்டத்தில் விவாதமும் பிரசங்கமும் இல்லை. எழுந்து நிற்பவர் தாம் எவ்வாறு குடித்தார், எதை இழந்தார், எவ்வாறு மீண்டார் என்பதை மட்டும் கூறுவார். கேட்டிருக்கும் குடியர் தம் கதையையே பிறர் வாயிற் கேட்பர்.

அவ்வாறு வந்து சேர்ந்தோருள் யோன் ஹோக்கின்ஸ் என்னும் தொப்பி செய்யுந் தொழிலாளி குறிப்பிடத்தக்கவர். தமக்கு விஸ்கி வாங்கிவரத் தன்னை அனுப்பவேண்டாமென்று அவருடைய சிறுமகள் ஹன்னா கண்ணீருடன் மன்றாடினாள். அன்றே அவர் மனந்திரும்பினார். 1841ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலும் பொஸ்டனிலும் அவர் இதனைக் கூறியபோது கேட்டோர் திரள்திரளாக முன்வந்து கையொப்பமிட்டனர். அதே ஆண்டில், மார்த்தா வாசிங்டனின் பெயரால் பெண்களும் தனிச் சங்கங்கள் அமைத்தனர். அவர்கள் குடியினால் நலிந்த குடும்பங்களுக்கு உடை தைத்துக் கொடுத்தனர். குடிக்கு அடிமையான பெண்களை அணுகித் துணைபுரிந்தனர். சில ஆண்டுகளுக்குள் சங்கம் நாடெங்கும் பரந்தது.

இதன் சிறப்பை அக்காலத்திலேயே உணர்ந்த ஒருவர், பின்னாளிற் சனாதிபதியாகிய ஆபிரகாம் லிங்கன். 1842ஆம் ஆண்டு பெப்ருவரி 22ஆந் தேதி, வாசிங்டனின் பிறந்தநாளன்று, ஸ்பிரிங்பீல்ட் நகரத்துச் சங்கத்தார்முன் அவர் உரையாற்றினார். பழைய மதுவிலக்குப் பிரசாரகர் குடியரைக் குற்றவாளிகளாகக் கண்டித்தமையே அவர்தம் தோல்விக்குக் காரணம் என்று அவர் எடுத்துக்காட்டினார். கண்டனம் செவியை அடைக்கும். நட்பே செவியைத் திறக்கும் என்பது அவர் உரையின் சாரம். தாம் குடியில் வீழாதிருப்பதற்குக் காரணம் அறிவின் மேன்மையன்று, ஆசை தோன்றாமையே என்று குடியாதோர் எண்ணிப் பார்த்தல் வேண்டுமென்றும் அவர் கூறினார்.

இத்துணை வேகமாக வளர்ந்த சங்கம் அதே வேகத்திற் சரிந்தது. 1840களின் பிற்பகுதியிலே பெரும்பாலான கிளைகள் மறைந்துவிட்டன. காரணங்கள் பல. குடிக்கு அடிமையாகாதோரும் ஏராளமாகச் சேர்ந்தமையால், துயருற்றோர் ஒருவரையொருவர் காணும் இடமாக இருந்த சங்கம் பொதுக்கூட்ட மேடையாயிற்று. மதுவைச் சட்டத்தால் தடைசெய்தல் வேண்டுமா, மனமாற்றத்தால் ஒழித்தல் வேண்டுமா என்ற வாதம் ஒருபுறம் எழுந்தது. சமயவாதிகளுடன் பிணக்கு மறுபுறம் எழுந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகப் புகழ் உள்ளே நுழைந்தது. தம் வீழ்ச்சியைச் சுவைபடக் கூறுவோர் ஊர்தோறும் பணம் பெற்றுப் பேசும் நாவலராயினர். அவருள் முதன்மை பெற்றவர் யோன் கஃப் என்னும் புத்தகங் கட்டுந் தொழிலாளி. 1845ஆம் ஆண்டில் நியூயோர்க்கு நகரத்தில் அவர் காணாமற் போனார். சில நாட்களின் பின் மயங்கிய நிலையிற் கண்டெடுக்கப்பட்டார். தம்மை ஏமாற்றி மருந்து கலந்த பானத்தை அருந்தச் செய்தனர் என்று அவர் கூறினார். அவர் மீண்டும் எழுந்து பல்லாண்டு தொண்டு செய்தார். எனினும் பத்திரிகைகள் அவர் வீழ்ச்சியைப் பறைசாற்றின. ஒருவர் முகம் ஓர் இயக்கத்தின் முகமாகுமாயின், அவர் இடறுமிடத்து இயக்கமும் இடறும் என்பதற்கு அது சான்றாயிற்று.

அதன்பின் அமெரிக்கா சட்டத்தின் வழியை நாடிற்று. 1920ஆம் ஆண்டு முதல் 1933ஆம் ஆண்டு வரை நாடு முழுவதிலும் மதுவிலக்கு நடைமுறையிலிருந்தது. அச்சட்டம் நீங்கியபோது குடியர் முன்போலவே இருந்தனர். அவர்களைத் தேடிச் செல்வார் எவருமிலர். இந்நிலையிலேதான் இரண்டாவது சங்கத்தின் கதை தொடங்குகின்றது.

நியூயோர்க்கிற் பங்குச்சந்தைத் தொழில் செய்த வில்லியம் வில்சன் என்பார் குடியினாற் செல்வமும் மதிப்பும் இழந்தவர். 1934ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் எட்வின் தாச்சர் என்னும் பழைய குடித்தோழர் அவர் வீட்டுக்கு வந்தார். வில்சன் மதுவை நீட்ட, தோழர் மறுத்தார். ஒக்ஸ்போட் குழு என்னும் சமய இயக்கத்தாரின் தொடர்பால், குற்றங்களை ஒப்புக்கொண்டும் தீங்கிழைத்தோர்க்கு ஈடுசெய்தும் தாம் வாழ முயல்வதாகக் கூறினார். வில்சன் உடனே திருந்தவில்லை. ஆயினும் தம்மையொத்த ஒருவர் தெளிந்த கண்களுடன் எதிரில் அமர்ந்திருந்த காட்சி அவர் மனத்தை விட்டகலவில்லை. மறுமாதம் டவுண்ஸ் வைத்தியசாலையிற் சேர்ந்த அவர், அதன்பின் குடிக்கவேயில்லை.

வெளிவந்ததும் பிற குடியரைத் திருத்தப் புறப்பட்டார். ஐந்து மாத முயற்சியில் ஒருவரும் திருந்தவில்லை. பிரசங்கத்தை விடுத்து, குடி ஒரு நோய் என்னும் உண்மையை முதலிற் கூறுமாறு டவுண்ஸ் வைத்தியசாலை வைத்தியர் வில்லியம் சில்க்வேத் அறிவுரை வழங்கினார். மனைவி லோயிஸோ வேறொன்றைச் சுட்டிக்காட்டினார். மற்றவர் திருந்தாவிடினும் வில்சன் தெளிந்தே இருந்தார் என்பதே அது.

அச்சொல்லின் பொருள் 1935ஆம் ஆண்டு மே மாதத்தில் விளங்கிற்று. வணிக வேலையாக ஒகையோ மாகாணத்து அக்ரன் நகருக்குச் சென்ற வில்சன் அம்முயற்சியில் தோற்றார். மேபிளவர் ஓட்டலின் முன்கூடத்திலே தனியே நின்றார். ஒரு பக்கத்தில் மதுக்கூடத்தின் ஆரவாரம் கேட்டது. மறுபக்கத்திலே தொலைபேசியும், ஊர்த் தேவாலயங்களின் பெயர்ப்பட்டியலும் இருந்தன. தாம் குடியாதிருக்க வேண்டுமாயின் வேறொரு குடியருடன் பேசியாகவேண்டும் என்று அவருக்குத் தோன்றிற்று. அவர் தொலைபேசியை எடுத்தார். குருவானவர் ஒருவர் வாயிலாக ஹென்றியெற்றா சைபேர்லிங் என்னும் அம்மையாரின் தொடர்பு கிடைத்தது. மறுநாள், மே 12ஆந் தேதி, அவ்வம்மையார் வில்சனுக்கு ஒருவரை அறிமுகஞ் செய்தார். அவரே சத்திரசிகிச்சை வைத்தியர் ரொபேட் ஸ்மித்.

பதினைந்து நிமிடத்துக்குமேல் இருப்பதில்லை என்னும் நிபந்தனையுடன் வந்த வைத்தியர், இரவு பதினொரு மணி கடந்தே எழுந்தார். குடியைப் பற்றி வைத்தியநூல் கூறுவதை அவர் அறியாதவரல்லர். ஆனால் அங்கே பேசியவர் உபதேசிக்கவில்லை. உதவியை வேண்டி வந்தவராகத் தம் கதையைக் கூறினார். கொடுப்பவரும் கொள்பவரும் சமமாய் நின்ற அந்நிலையே ஸ்மித்தின் உள்ளத்தைத் திறந்தது. இடையில் ஒருமுறை வழுவிய அவர், பின்னர் குடியை முற்றாக விட்டொழித்தார். அந்நாளாகக் கொள்ளப்படும் யூன் 10ஆந் தேதியே சங்கத்தின் பிறந்தநாளாக மதிக்கப்படுகின்றது.

அவ்விருவரும் அவ்வூர் வைத்தியசாலையிற் கிடந்த வழக்கறிஞர் ஒருவரைச் சென்று கண்டனர். ஆறு மாதத்தில் எட்டாம் முறையாக அங்கே சேர்க்கப்பட்டிருந்தவர் அவர். கட்டிலருகே அமர்ந்து தம் கதைகளையே கூறினர். அவரும் எழுந்து நடந்தார், மூவர் ஆயினர். நான்காண்டுகளின் பின் நூற்றுவரளவில் ஆயினர். 1939ஆம் ஆண்டில் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டனர். ‘அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்’, அதாவது பெயர் கூறாத குடியர், என்னும் அந்நூலின் பெயரே சங்கத்தின் பெயருமாயிற்று. அதிற் கூறப்பட்ட பன்னிரண்டு படிகளுள் முதலாவது தன் வலியின்மையை ஒப்புக்கொள்ளுதல்; இறுதியானது தான் பெற்றதைப் பிறருக்குக் கொண்டுசெல்லுதல். அப்படியை ஸ்மித் வாழ்ந்து காட்டினார். அக்ரன் நகரத்துப் புனித தோமஸ் வைத்தியசாலையில், இக்னேசியா என்னும் கன்னியாஸ்திரியின் துணையுடன், ஏறக்குறைய 5,000 குடிநோயாளர்க்குக் கட்டணமின்றிப் பணிசெய்து 1950ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

1941ஆம் ஆண்டில் பெரும் பத்திரிகையொன்று இச்சங்கத்தைப் புகழ்ந்தெழுதியது. 2,000 பேரளவில் இருந்த தொகை அவ்வாண்டிறுதியில் 8,000 ஆயிற்று. வாசிங்டன் சங்கத்துக்கு நேர்ந்த சோதனை இதற்கும் நேர்ந்தது. அப்பழைய சங்கத்தின் வீழ்ச்சியை வில்சன் தம் எழுத்தில் எடுத்துக்காட்டித் தோழரை எச்சரித்தார். அதன் பயனாக எழுந்த பன்னிரண்டு மரபுகள் 1950ஆம் ஆண்டில் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டன. குடியைவிட விரும்புதலன்றிச் சேர்வதற்கு வேறு தகுதி வேண்டியதில்லை. அரசியலிலும் சமயப் பூசலிலும் சங்கம் கருத்துரைத்தலாகாது. வெளியார் நன்கொடை ஏற்றலாகாது. பத்திரிகையிலோ வானொலியிலோ திரைப்படத்திலோ உறுப்பினர் எவரும் சங்கத்தின்பேரால் தம்மை விளம்பரப்படுத்தலாகாது.

பெயர் மறைத்தல் தொடக்கத்தில் வெட்கத்துக்கும் வேலையிழப்புக்கும் அஞ்சி மேற்கொண்ட காப்பு. பின்னர் அதுவே புகழாசைக்கு இட்ட வேலியாயிற்று. யேல் பல்கலைக்கழகம் வழங்க முன்வந்த கௌரவப் பட்டத்தை 1954ஆம் ஆண்டில் வில்சன் மறுத்துவிட்டமை இவ்வேலியின் உறுதியைக் காட்டும். மறுவருடம் தலைமைப் பொறுப்பையும் உறுப்பினரிடமே ஒப்படைத்தார். 1971ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது சங்கம் தளரவில்லை.

குடியரின் குடும்பத்தார்க்கும் இவ்வழி பயன்பட்டது. லோயிஸ் வில்சனும் தோழியொருவரும் 1951ஆம் ஆண்டில் அவர்களுக்கெனத் தனிச் சங்கம் அமைத்தனர். 1953ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிற் போதைமருந்துக்கு அடிமையானோர் அதே முறையைத் தழுவினர். பின்னர் விஞ்ஞானமும் இதனை ஆராய்ந்தது. 2020ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீடொன்று, 10,565 பேரைக் கொண்ட 27 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. இச்சங்கத்துடன் இணைக்கும் முறையான சிகிச்சை, இடையறாது குடியாதிருப்பதற்கு ஏனைய உளச்சிகிச்சைகளிலும் மேலாகவே துணைபுரிகின்றது என்பது அதன் முடிவு. ஆயினும் இதுவே எல்லார்க்கும் ஏற்ற ஒரே வழி என்று கொள்ளுதல் பொருந்தாது. நெடுங்காலம் குடித்தவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகக் கூடுமாதலின், வைத்தியரின் துணையும் இன்றியமையாதது.

தச்சர் பட்டறையிற் கண்ட உண்மையும் ஓட்டல் முன்கூடத்திற் கண்ட உண்மையும் வேறல்ல. வீழ்ந்தவனுக்கு உயரத்தில் நின்று கூறும் உரை எட்டுவதில்லை. அருகில் அமர்ந்தவனின் குரல் எட்டுகின்றது. பால்டிமோர்த் தொழிலாளர் அதனைக் கண்டும் மேடையின் ஒளியில் இழந்தனர். அக்ரன் நகரத்தார் அதனை இழவாதிருக்கத் தம் பெயரையே விட்டுக்கொடுத்தனர். அன்று தொலைபேசியை எடுத்த மனிதர் ஒருவரைக் காப்பாற்றுவதற்காக அதனை எடுக்கவில்லை. தாம் காப்பாற்றப்படுவதற்காகவே எடுத்தார். கரையேற்றக் கைகொடுத்தவரும் கரையேறினார் என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மையாகும்.