கோழிக்கூட்டு ஸ்டூடியோ

இங்கிலாந்தின் தெற்குக் கரைக்கு எதிரே வைட் தீவு. அதன் மேற்கு ஓரத்தில், ஃப்ரெஷ்வாட்டர் என்ற கடலோரக் கிராமத்தில் ‘டிம்போலா’ என்றொரு வீடு இருக்கிறது. பெயர் இலங்கை மலையகத்திலிருந்து போனது. டிம்புல பள்ளத்தாக்கில் அந்த வீட்டுக்காரருக்குக் காப்பித் தோட்டம் இருந்தது. 1860இல் ஃப்ரெஷ்வாட்டரில் அடுத்தடுத்திருந்த இரண்டு வீடுகளை வாங்கித் தோட்டத்தின் பெயரையே சூட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த முகப்படங்கள் சில அந்த வீட்டின் கோழிக்கூட்டில் எடுக்கப்பட்டவை. எடுத்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன். ஒரு பெண், ஐந்து பிள்ளைகள் என்று ஆறு பேரைப் பெற்று வளர்த்தபின், 48 வயதில் கேமராவைக் கையில் எடுத்தவர்.

இலங்கை வரலாறு படித்தவர்களுக்குக் கணவரைத் தெரிந்திருக்கும். கோல்புரூக்–கேமரன் ஆணைக்குழு என்று பரீட்சைக்காக உருப்போட்ட பெயரில் இரண்டாவது ஆள் அவர்தான்: சார்லஸ் ஹே கேமரன். கண்டி, கரையோரம் என்று பிரிந்து கிடந்த ஆட்சியை ஒன்றாக்கியதும், இராசகாரியம் என்ற கட்டாய வேலையை ஒழித்ததும், நீதிமன்றங்களைத் திருத்தியதும் அந்த ஆணைக்குழு கொடுத்த அறிக்கைகளின் விளைவு. பிறகு கல்கத்தாவில் மெக்காலேயுடன் சட்ட ஆணையத்தில் வேலை. ஜூலியா 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர்; தகப்பனார் கம்பெனி உத்தியோகஸ்தர். 1838இல் அங்கேயே கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பெண்ணைவிட இருபது வயது கூடுதல். 1848இல் சார்லஸ் ஓய்வுபெற்றதும் குடும்பம் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. அதற்கு முன்பே அவர் இலங்கையில் ஏராளமாக நிலம் வாங்கிப் போட்டிருந்தார். ஓய்வுக்குப் பிந்திய வாழ்க்கை பெரும்பாலும் அந்த நிலத்தை நம்பியே ஓடியது.

அந்த நாளில் மலையகத் தோட்டங்களில் காப்பி பறித்தவர்கள் ராமநாதபுரம், புதுக்கோட்டை, மதுரை, திருச்சி, சேலம் பக்கத்து ஆட்கள். கங்காணியின் பின்னால் நடந்து வந்து, தோணியில் மன்னார்க் கரை இறங்கி, காய்ச்சலும் வாந்திபேதியும் காத்திருந்த காட்டுப் பாதையில் மாத்தளை வரை மறுபடி நடந்து கண்டிச் சீமை ஏறியவர்கள். ஒளிப்பட வரலாற்று நூல்கள் ஜூலியாவின் லென்ஸைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. லென்ஸ் வாங்கிய காசு எங்கிருந்து வந்தது என்பதை ஒற்றை வரியில் கடந்துவிடுகின்றன. அந்தக் கணக்கு தெரியாமல் இந்த அம்மாளின் கதை பாதிதான் புரியும்.

1863 டிசம்பர். சார்லஸ் தோட்டங்களைப் பார்க்க இலங்கை போயிருந்தார். கலகலப்பான வீட்டுக்குப் பழகிய அம்மா தனிமையில் வாடுவதைப் பார்த்த மகளும் மருமகனும் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபோகட்டும் என்பதற்கு மேல் அவர்கள் எதையும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அம்மாவோ நிலக்கரி கொட்டிவைக்கும் அறையைக் காலிசெய்து இருட்டறையாக்கினார். பிள்ளைகள் கோழி வளர்க்கக் கட்டிக் கொடுத்த கண்ணாடிக் கூடு ஸ்டூடியோ ஆனது. கோழிகளுக்கு விடுதலை கிடைத்தது. அவை யாருடைய தட்டுக்கும் போயிருக்காது என்று நம்புவதாகப் பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார்.

பொழுதுபோக்குக்கு ஏற்ற வேலை அல்ல அது. அன்றைய முறைக்கு ஈரத் தகடு முறை என்று பெயர். ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்த வெடிப்பஞ்சுக் கரைசலைக் கண்ணாடித் தகட்டின் மேல் ஊற்றி, நான்கு மூலைக்கும் சமமாக ஓடும்படி கையால் சாய்த்துச் சாய்த்துப் பரப்ப வேண்டும். பிறகு சில்வர் நைட்ரேட் தொட்டியில் அமிழ்த்தி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் ஏற்றிப் படமெடுத்து, அதே ஈரத்தோடு இருட்டறைக்கு ஓடிக் கழுவியாக வேண்டும். காய்ந்தால் தகடு வீண். ஒரு தூசி, ஒரு விரல் ரேகை பட்டாலும் கறை அப்படியே நிலைக்கும். ஒரு படத்தைக் கழுவி முடிக்கக் கிணற்றிலிருந்து ஒன்பது பாத்திரம் தண்ணீர் வேண்டியிருந்ததாம். அச்சிடுவது தனி வேலை: முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளைத் தகட்டோடு ஒட்டிவைத்து வெயிலில் காட்ட வேண்டும், அதுவும் வெயில் அபூர்வமான ஓர் ஊரில். சில்வர் நைட்ரேட் பட்ட விரல்கள் கறுத்தே இருக்கும். நல்ல குடும்பத்துச் சீமாட்டிகள் பார்க்கிற வேலை இல்லை என்று அக்கம்பக்கத்தில் முகம் சுளித்திருந்தால் ஆச்சரியமில்லை.

1864 ஜனவரி கடைசியில் ஆனி ஃபில்பாட் என்ற சிறுமியின் படம் சரியாக விழுந்தது. அன்றே அச்சிட்டு, நிறம் ஏற்றி, சட்டமும் போட்டுச் சிறுமியின் அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார் ஜூலியா. தன் முதல் வெற்றி என்று அதன் மேல் எழுதிவைத்தார். எடுத்த படத்தை உடனே யார் கையிலாவது கொடுத்துவிட வேண்டும் என்ற அந்த அவசரம் கடைசிவரை அவரை விடவில்லை.

வீட்டையும் தொழிலையும் அவர் பிரித்து வைக்கவே இல்லை. ஈரம் சொட்டும் பிரிண்டைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு அறைக்குள் ஓடுவார். மேசை விரிப்புகள் ஒவ்வொன்றாகக் கறைபட்டு நாசமாயின. கணவர் ஒன்றும் சொல்வதில்லை. ஒவ்வொரு படத்தையும் முதலில் பார்த்து மெச்சுவது அவர்தான். வெண்தாடியோடு பல படங்களுக்கு அமர்ந்தவரும் அவரே. கவிஞர் டென்னிசனின் ஆர்தர் கதைகளுக்காக மெர்லின் என்ற மந்திரவாதி வேடம் கட்டியபோது மட்டும் அடக்க முடியாமல் சிரித்துத் தகடுகளைப் பாழாக்கினார் என்பார்கள். நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டிய காலத்தில் சிரிப்பு விலையுயர்ந்த சமாசாரம்.

வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியர் கன்னி மரியாளாக நின்றார். தங்கை மகள் ஜூலியா ஜாக்சன் எத்தனையோ படங்களில் இருக்கிறார். வர்ஜீனியா வுல்ஃப் அவருக்குப் பின்னாளில் பிறந்த மகள். இவர்களையெல்லாம்விட விசித்திரம் மேரி ரயனின் கதை. லண்டனுக்கு வெளியே தாயோடு பிச்சையெடுத்துக்கொண்டிருந்த அந்த ஐரிஷ் சிறுமியை ஜூலியா வீட்டுக்குக் கூட்டிவந்து படிக்கவைத்தார், வேலையும் வாங்கினார், படமும் எடுத்தார். லண்டன் கண்காட்சி ஒன்றில் அவள் படத்தைப் பார்த்து மனதைப் பறிகொடுத்த இளைஞர் ஒருவர் தேடிவந்து 1867இல் கல்யாணமே செய்துகொண்டார். அவர் ஹென்றி காட்டன். வங்காளத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்து, 1904 பம்பாய்க் காங்கிரஸுக்குத் தலைமை வகித்த அதே காட்டன்தான்.

படங்களைக் கொடுப்பதில் ஜூலியாவுக்குத் தாராளக் கை. ஆல்பம் ஆல்பமாகக் கட்டி நண்பர்களுக்கு அனுப்பினார். முக்கியமான ஒன்று வானியலாளர் ஜான் ஹெர்ஷலுக்குப் போனது. ஒளிப்படம் மங்காமல் நிலைக்க வழிசெய்யும் ‘ஹைப்போ’ உப்பின் குணத்தைக் கண்டுசொன்னவர் ஹெர்ஷல். அவரோடு பழக்கம் 1836இல் நன்னம்பிக்கை முனையில் தொடங்கியது. 1867இல் அவர் வீட்டுக்கே கேமராவோடு போய், தலையை அலசி முடியைக் கலைத்துவிடச் சொல்லி எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது. மறுவருடம் கோடைக்குத் தன் வீட்டில் குடக்கூலிக்கு வந்து தங்கிய டார்வினையும் விடவில்லை. தன் படங்களிலேயே பிடித்தது அதுதான் என்று டார்வின் எழுதிக் கொடுத்தார்.

எனக்குப் பிடித்தது ரயில் நிலையக் கதை. ப்ரோக்கன்ஹர்ஸ்ட் நிலையத்தின் பயணிகள் அறைக்கு டென்னிசன், டார்வின் போன்ற பெரியவர்களின் படங்களை 1871இல் இனாமாகக் கொடுத்தார். காரணத்தையும் எழுதியே மாட்டினார்: நான்கு வருடம் இலங்கையில் இருந்துவிட்டு வந்த மகனை முதலில் பார்த்த இடம் அது. எந்த விமர்சகரும் எட்டிப்பார்க்காத அந்தக் கண்காட்சியை ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் பார்த்தார்கள்.

கொடுத்ததைப் போலவே விற்கவும் முயன்றார். கால்நகி என்ற லண்டன் வியாபாரியிடம் விற்பனைக்கு வைத்தார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களுக்குக் காப்புரிமை பதிந்தார். இன்று விக்டோரியா ஆல்பர்ட் என்று அழைக்கப்படும் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865இல் அவர் படங்களை வாங்கிக் காட்சிக்கு வைத்தது. 1868இல் முகப்படம் எடுக்க இரண்டு அறைகளும் ஒதுக்கியது. அதன் தலைவர் ஹென்றி கோலுக்கு எழுதிய கடிதங்களில் கலைப் பேச்சோடு கடன் பேச்சும் கலந்திருக்கும். படிக்கவைக்க வேண்டிய பிள்ளைகள் இருக்கும்போது புகழை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்க முடியுமா என்பது அவற்றின் சாரம். முதலீடு திரும்பியதா என்றால், இல்லை.

தொழில்முறைப் படக்காரர்கள் அவரை விட்டுவைக்கவில்லை. படம் மங்கல், தகட்டில் கீறல், கறை என்று ஒளிப்படப் பத்திரிகைகள் வரிசையாகக் குறைசொல்லின. குறை உண்மைதான். ஆனால் மங்கல் மட்டும் அவர் வேண்டித் தேர்ந்தது: லென்ஸைத் திருகும்போது கண்ணுக்கு அழகாகப் பட்ட இடத்தில் நிறுத்திவிடுவாராம், இன்னும் கூர்மைக்காகத் திருகுவதில்லை. அதற்காகக் கற்பதை நிறுத்தியவரும் இல்லை. 1866இல் 15க்கு 12 அங்குலத் தகடு ஏற்கும் பெரிய கேமரா வாங்கி, நிஜ அளவை நெருங்கும் தலைகளை எடுக்கத் தொடங்கினார். நெகடிவ்கள் தேன்கூடுபோல வெடித்துப் பாழானபோது, தன்னைக் கேலிசெய்தவர்கள் நிறைந்த ஒளிப்படச் சங்கத்துக்கே 1869இல் போய் யோசனை கேட்டார். கழுவல் போதவில்லை என்றார்கள், கடற்காற்றின் ஈரம் என்றார்கள். பெர்லின் கண்காட்சி இதற்குள் வெண்கலமும் தங்கமும் கொடுத்திருந்தது. இறக்கை கட்டிய குழந்தைகளையும் நாடகக் காட்சிகளையும் இன்று பார்த்தால் கொஞ்சம் அசடு வழிகிறது. கறுத்த பின்னணியில் ஒரு பக்க வெளிச்சம் மட்டும் விழுந்த அந்தப் பெரிய தலைகளில் ஒரு சுருக்கம்கூடப் பழசாகவில்லை.

1869இல் இலங்கைக் காப்பி இலையில் துரு நோய் கண்டது. 1873இல் கேமராவைப் பரிசளித்த மகள் பிரசவத்தில் இறந்தார். பிள்ளைகளில் சிலர் ஏற்கெனவே இலங்கையில். சார்லஸுக்கும் அங்கே போய்விட வேண்டும் என்றே ஆசை. 1875இல் கப்பல் ஏறினார்கள். கூடவே ஒரு பசுமாடும், பீங்கானும் கண்ணாடியும் அடைத்த இரண்டு சவப்பெட்டிகளும் போயின.

களுத்துறையில், அரசுப் பணியில் இருந்த மகன் ஹார்டிங்கின் வீட்டில் தங்கியபோது வேலை சுருங்கிவிட்டது. ரசாயனங்கள் கப்பலில் வர வேண்டும், புழுக்கம் வேறு. இலங்கையில் எடுத்தவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. 1877 தொடக்கத்தில் வந்து தங்கிய ஓவியர் மரியான் நார்த் ஒரு வேடிக்கையை எழுதியிருக்கிறார். ஓர் ஆளின் முதுகு அழகாக இருக்கிறதென்று ஜூலியா அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். வீட்டில் தோட்டம் இல்லை. அந்த ஆளுக்குத் தோட்ட வேலையும் தெரியாது.

அக்கரையில் அது தாது வருஷப் பஞ்சக் காலம். கண்டிச் சீமைக்குக் கிளம்பிய கூட்டம் பெருகியது. சென்னை மாகாணத்தில் வில்லோபி ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எலும்பும் தோலுமானவர்களை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார். ஜூலியாவின் களுத்துறைப் படங்களில் அந்தக் கொடுமை இல்லை. டார்வினுக்குக் கொடுத்த அதே வெளிச்சத்தைக் கூலிக்காரர்களுக்கும் கொடுத்தார். பெயரைத்தான் கொடுக்கவில்லை. 1878இல் எடுத்த ‘களுத்துறைக் குடியானவர்கள்’ படத்தின் அடியில், பெண்ணுக்கு வயது 12 என்றும், அவள் தகப்பன் என்று சொல்லிக்கொள்ளும் கிழவர் தனக்கு நூறு வயது என்கிறார் என்றும் குறித்திருக்கிறார். அவர்கள் தமிழரா சிங்களவரா என்றுகூட அதில் இல்லை. ஃப்ரெஷ்வாட்டரில் கன்னி மரியாளாக நின்ற வேலைக்காரியின் பெயர், ஊர் எல்லாம் இன்று நூல்களில் இருக்கின்றன.

1879 ஜனவரி 26 அன்று டிக்கோயா பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் ஜூலியா இறந்தார். பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தில் அடக்கம். அடுத்த ஆண்டு சார்லஸும் அங்கேயே அடக்கமானார். அடுத்த சில ஆண்டுகளில் மலையகம் முழுக்கக் காப்பி அழிந்து தேயிலை வந்தது. காப்பித் தூரைப் பிடுங்கித் தேயிலை நட்டவர்களும் மன்னார் வழியாக நடந்து வந்த அதே ஆட்கள்தான்.