சங்கிலி வாளும் அதைப் பிடித்த கைகளும்

மரத்தை வெட்டி வீழ்த்துதல் மனிதன் கற்ற பழந்தொழில்களுள் ஒன்று. நெடுங்காலமாக அத்தொழிலுக்குக் கோடரியும் கைவாளுமே துணையாக இருந்தன. இருவர் எதிரெதிரே நின்று இழுக்கும் நீள்வாளின் வேகம், அவ்விருவரின் மூச்சு எவ்வளவு தாங்குமோ அவ்வளவே. மூச்சு வாங்கினால் வாள் நிற்கும். கை தளர்ந்தால் வாளும் தளரும். கருவி மனிதனை மீறிச் செல்வதற்கு அங்கே இடமில்லை. அந்த எல்லையை அகற்றியது சங்கிலி வாள்.

இவ்வியந்திரத்தின் வரலாறு இரு பகுதிகளை உடையது. மரத்தை விரைந்து அறுப்பது எப்படி என்ற வினாவுக்கு விடை தேடிய காலம் முற்பகுதி. அறுப்பவனின் கைக்கும் உயிருக்கும் ஊறு நேராமல் அறுப்பது எப்படி என்று ஆராய்ந்த காலம் பிற்பகுதி. முற்பகுதி பலரால் விரும்பிப் பேசப்படுவது. பிற்பகுதியோ, சங்கிலி வாளைப் பழுதுபார்ப்போரும் தம் தேவைக்கேற்ப மாற்றியமைப்போரும் தவறாது அறிந்திருக்க வேண்டியது.

சங்கிலியிலே பற்களை அமைத்து அறுக்கும் எண்ணம் காட்டில் பிறந்ததன்று. வைத்தியத் துறையிற் பிறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜோன் எய்ற்கின், ஜேம்ஸ் ஜெஃப்ரி என்னும் இரு வைத்தியர்கள், எலும்பை அறுப்பதற்கு நுண்ணிய பற்களுடைய சங்கிலியைக் கையாளும் முறையை வகுத்தனர். இரு முனைகளிலும் பிடியுள்ள அச்சங்கிலியை எலும்பின் பின்புறமாகச் செலுத்தி மாறி மாறி இழுப்பர். 1830 அளவில் ஜேர்மனியரான பேர்ன்ஹார்ட் ஹைன, கைப்பிடியைச் சுழற்றினால் ஓர் அலகைச் சுற்றிச் சங்கிலி ஓடும் எலும்பு வாளொன்றை ஆக்கினார். உளியாலும் சுத்தியலாலும் எலும்பை வெட்டும்போது உண்டாகும் அதிர்ச்சியையும் சிதறலையும் தவிர்ப்பதே அதன் பயன். ஊறு குறைப்பதற்கென்று தோன்றிய ஒரு கருவியின் உருவம், பின்னாளிற் பெரும் ஊறு விளைக்கும் ஓர் இயந்திரத்திலும் அமைந்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

1905 ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த சாமுவேல் பென்ஸ் என்பவர், கலிபோர்னியாவின் மாபெரும் செம்மரங்களை வீழ்த்துவதற்கான முடிவிலாச் சங்கிலி வாளுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். எனினும் காட்டுத் தொழிலை மாற்றும் இயந்திரம் உருவானது ஜேர்மனியிலேயே. அந்திரியாஸ் ஸ்ரீல் 1926 இல் ஸ்ருட்கார்ட் நகரில் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி வாளைச் செய்தார். அடுத்த ஆண்டிலே எமில் லேர்ப் என்பவர், தூரிங்கியா மாநிலத்து டொல்மார் மலையிலே தமது பெற்றோல் வாளைப் பரீட்சித்தார். 1929 இல் ஸ்ரீல் வெளியிட்ட பெற்றோல் வாளின் எடை 46 கிலோகிராம். அதைத் தூக்க இருவர் வேண்டும். எடை ஒருபுறமிருக்க, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் பகுதியிலே மிதவை இருந்தமையால், எஞ்சினைச் சாய்த்தால் அது நின்றுவிடும். 1950 ஐ ஒட்டிய ஆண்டுகளில் மிதவைக்குப் பதிலாக மென்சவ்வு அமைக்கப்பட்டபோது, வாளை எப்பக்கமும் சாய்த்து அறுக்க முடிந்தது. 1949 இல் அமெரிக்காவில் மக்கலக் நிறுவனம் 25 இறாத்தல் எடையுள்ள வாளை வெளியிட்டது. இவ்வாறு இருவர் வேலை ஒருவர் கைக்கு வந்தது.

சங்கிலியின் பற்களோ பழைய கைவாட் பற்களைப் போலவே மரத்தைக் கீறி அறுத்தன. விரைவில் மழுங்கின, அவற்றை அராவிக் கூராக்கும் வேலைக்கு நேரமும் நுட்பமும் வேண்டியிருந்தன. ஒரேகன் மாநிலத்தில் மரந்தறித்துப் பிழைத்த ஜோசப் கொக்ஸ், 1946 இல் ஒரு மரக்கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவைக் கூர்ந்து நோக்கினார். அப்புழு மரத்தின் இழையோடும், இழைக்குக் குறுக்கேயும் ஒரே எளிமையுடன் அரித்துச் சென்றது. அதன் வளைந்த இரு தாடைகளும் வலமும் இடமுமாக மாறி மாறிக் கடித்தன. அதைப் பின்பற்றி, வலமும் இடமுமாக அமைந்த வளைந்த பற்களையுடைய சங்கிலியைக் கொக்ஸ் ஆக்கினார். 1947 இல் போர்ட்லாந்து நகரில் அதற்கென நிறுவனமும் தொடங்கினார். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னே ஒரு சிறு மேடு நின்று, பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை வரையறுத்தது. உருண்டையான அரம் ஒன்றிருந்தால் காட்டிலேயே இச்சங்கிலியைக் கூராக்கலாம். இன்று வழங்கும் சங்கிலிகளிற் பெரும்பாலானவை இதன் வழிவந்தவையே.

வேகம் கிடைத்தது. அதற்குரிய விலையைக் கொடுத்தவர்கள் தொழிலாளர்கள்.

முதலாவது, வாள் எகிறுதல். ஓடும் சங்கிலி அலகைச் சுற்றித் திரும்பும் நுனியின் மேற்பகுதி, எதிர்பாராது ஒரு கிளையிலோ கட்டையிலோ பட்டால், பல் மரத்திற் கடித்து நிற்கும். எஞ்சினின் வலுவோ நிற்பதில்லை. அவ்வலு முழுவதும் வாளை மேலும் பின்னுமாக அறுப்பவனின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி எறியும். கண் இமைக்கும் நேரத்துக்குள் முடியும் இச்செயலை மனிதக் கை எதிர்த்துத் தடுத்தல் அரிது.

இரண்டாவது, அதிர்வு. இதன் தீங்கு ஒரு நாளிலே தோன்றுவதன்று. ஆண்டுகள் செல்லச் செல்ல, குளிர்ந்த காலை வேளைகளில் விரல்கள் குருதியோட்டம் இழந்து வெளிறும், மரத்துப்போகும், சட்டைப் பொத்தானைப் போடவும் இயலாமற் போகும். இது புதிய நோயன்று. 1918 இலேயே அமெரிக்க வைத்தியரான அலிஸ் ஹமில்ரன், இந்தியானா மாநிலத்தில் காற்றழுத்தச் சுத்தியல் கொண்டு சுண்ணக்கல் செதுக்கும் தொழிலாளரிடம் இதே வெளிறிய விரல்களைக் கண்டு எழுதியிருந்தார். ஆயினும் சங்கிலி வாள் காடெங்கும் பரவியபோது அந்த அறிவு உடன் செல்லவில்லை.

அதன் விளைவை யப்பான் நன்கு உணர்ந்தது. 1954 செப்டெம்பரில் வீசிய சூறாவளியொன்று, தோயாமாரு என்னும் கப்பலை மூழ்கடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டதோடு, ஹொக்கைடோ தீவின் காடுகளையும் சாய்த்தது. வீழ்ந்த மரங்களை அகற்றுவதற்குச் சங்கிலி வாள்கள் தருவிக்கப்பட்டன. பின்னர் அரச காடுகள் எங்கும் அவை வழக்கிற்கு வந்தன. பத்தாண்டு செல்லுமுன் காட்டுத் தொழிலாளரின் விரல்கள் மெழுகுபோல் வெளிறின. வெண்மெழுகு நோய் என்றே மக்கள் அதற்குப் பெயரிட்டனர். 1965 இல் யப்பானின் தேசிய ஒலிபரப்பு நிலையம் தொலைக்காட்சியில் அதைக் காட்டியபோது நாடு திடுக்கிட்டது. 1969 இல், அரச காடுகளில் ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் சங்கிலி வாளை இயக்கலாகாது என்று நிருவாகமும் தொழிற்சங்கமும் உடன்பட்டன.

நேரத்தைக் குறைத்தல் ஒரு வழி; இயந்திரத்தைத் திருத்துதல் மற்றொரு வழி. 1960 களின் நடுப்பகுதி முதல், எஞ்சினுக்கும் கைப்பிடிகளுக்கும் இடையே றப்பர்த் தாங்கிகளை அமைத்து அதிர்வைக் குறைக்கத் தொடங்கினர். இதன் பயனைப் பின்லாந்தின் சுவோமுசல்மி பகுதியில் நிகழ்ந்த நீண்டகால ஆய்வு தெளிவாகக் காட்டிற்று. 1972 முதல் 1990 வரை அங்குள்ள காட்டுத் தொழிலாளரை ஆராய்ந்தபோது, வாளின் அதிர்வு அளவு 14 இலிருந்து 2 ஆகத் தாழ்ந்தது. வெளிறிய விரல் நோயுற்றோர் நூற்றுக்கு 40 பேரிலிருந்து 5 பேராகக் குறைந்தனர். வாள் எகிறும் ஆபத்துக்கு 1970 களின் முற்பகுதியில் சுவீடனிலும் ஜேர்மனியிலும் பரிகாரம் கண்டனர். முன்கைப்பிடிக்கு எதிரே நிற்கும் காப்பு, எகிறும் வாளோடு கையில் மோதியவுடன், பட்டியொன்று உருளையை இறுக்கிச் சங்கிலியை நொடிப்பொழுதில் நிறுத்தும் சங்கிலித் தடை அதுவே.

பழுதுபார்ப்பவர் இவ்வரலாற்றை அறிந்திருக்க வேண்டிய காரணம் இப்பொழுது விளங்கும். வாள் மீண்டும் ஓடுகின்றது என்பதனால் மட்டும் அது திருந்திவிட்டது என்று கொள்ளலாகாது. தேய்ந்த றப்பர்த் தாங்கிக்குப் பதிலாக இரும்பு ஆணியை முறுக்கினாலும் வாள் ஓடும். ஆனால் பழைய காலத்து அதிர்வு மீண்டும் விரல்களுக்கு வந்து சேரும். தூசியும் எண்ணெயும் அடைந்த சங்கிலித் தடையைக் கழற்றி எறிந்தாலும் வாள் ஓடும். எகிறும் நாளில் அதைத் தடுக்க எதுவும் இராது. விரைந்து கடிக்கட்டும் என்று பல்லுக்கு முன்னுள்ள மேட்டை அளவுக்கு மீறி அராவுவோரும் உளர். பல சங்கிலிகளில் அம்மேடு பல்லின் முனையை விட ஏறத்தாழ 0.65 மில்லிமீற்றர் மட்டுமே தாழ்ந்திருத்தல் வேண்டும். அதற்கு மேல் தாழ்ந்தால் பல் ஆழக் கடித்து, அதிர்வையும் எகிறும் ஆபத்தையும் ஒருங்கே கூட்டும். அறுந்த சங்கிலியைத் தடுக்கும் அடிப்புறக் கொளுவி, பின்கைப்பிடியின் அகன்ற காப்பு, கை முழுவதும் பிடித்தாலன்றி வேகங்கொள்ள விடாத பூட்டு ஆகியவையும் இத்தகையனவே.

மாற்றியமைத்தலுக்கும் இவ்விதியே பொருந்தும். மரமேறிக் கிளை நறுக்குவோருக்கென மேற்கைப்பிடி வாள் ஆக்கப்பட்டது. அதன் இரு பிடிகளும் நெருங்கியிருத்தலால் அது எகிறுமிடத்து அடக்குதல் கடினம். ஆகவே பயிற்சி பெற்று மரத்திலே கயிற்றில் நிற்போருக்கே அது உரியது. மின்கலத்தால் இயங்கும் இன்றைய வாள்களில் புகையில்லை, அதிர்வும் குறைவு. ஆயினும் சங்கிலி அதே சங்கிலி, எகிறும் தன்மையும் அதுவே. இரும்பு தேய்க்கும் கைச்சாணை இயந்திரத்தின் காப்பை அகற்றி, வாட்சங்கிலி சுற்றிய வட்டத்தகட்டை அதிற் பொருத்துவதோ மாற்றியமைத்தல் ஆகாது. எகிறினால் நிறுத்தும் தடை அங்கு இல்லை. சுழற்சியோ மிகக் கடிது. பாதுகாப்பின் வரலாறு முழுவதையும் ஒரே திருப்பில் அழித்து, கருவியைத் தொடக்க நாளுக்குக் கொண்டு செல்லும் செயல் அது.

வாளை விரைவாக்கியவர்களின் பெயர்கள் உரிமைப் பத்திரங்களிலே உள்ளன. அதைக் காப்புடையதாக்கக் காரணமானோர், வெளிறிய விரல்களோடும் தழும்பேறிய முகங்களோடும் காடுகளில் உழைத்த பெயரறியாத் தொழிலாளர்கள். சங்கிலித் தடையும் றப்பர்த் தாங்கியும் அவர்கள் பட்ட துன்பத்தாற் பெற்ற பாடங்கள். பழுதுபார்க்கும் மேசையிலே அவற்றுள் ஒன்றை வேண்டாததென ஒதுக்குமுன், அதற்கு யார் என்ன விலை கொடுத்தார் என்பதை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நன்று.