காதில் குத்திய கணக்கு

காமர்ஸ் படிக்கிற நமக்கு 'அசெட் ரிஜிஸ்டர்' புதிதல்ல. ஆபீஸில் இருக்கிற நாற்காலி, மேஜை, மின்விசிறி எல்லாவற்றுக்கும் பெயின்ட்டில் ஒரு நம்பர் எழுதி, அதே நம்பரை ஒரு பேரேட்டிலும் எழுதி வைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆடிட்டர் வந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார். சரி, அந்தச் சொத்து நாலு காலில் நடக்கிற சொத்தாக இருந்தால்? மேயப் போகும், குட்டி போடும், காணாமல் போகும், செத்தும் போகும். அதற்கு எங்கே நம்பர் எழுதுவது?

இந்தக் கேள்விக்கு மனிதன் கண்டுபிடித்த பதில்களில் ஒன்றுதான் விலங்குகளுக்குப் பச்சை குத்துவது. ஊசியும் மையும் ஒரே சின்னக் குப்பிக்குள் அடைத்து, ஒரு விலங்குக்குக் குத்தியதும் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டிக்கொள்ளும் 'கார்ட்ரிட்ஜ்' வரை அது வளர்ந்திருக்கிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இருக்கிற நமக்கு இது ரொம்ப தூரத்து விஷயம் மாதிரி தெரியும். ஆனால் கொஞ்சம் தோண்டினால் நம் ஊர் நாய், நம் ஊர் ஆடு, நம் ஊர்க் கோயில் யானை எல்லாமே இந்தக் கதைக்குள் வருகின்றன. முதலிலிருந்தே பார்ப்போம்.

சூடு போட்ட காலம்

மகாபாரதத்தில் வனபர்வம். பாண்டவர்கள் காட்டில் கஷ்டப்படுவதைப் பார்த்து ரசிக்க துரியோதனனுக்கு ஆசை. சும்மா போக முடியாது, அப்பாவிடம் ஒரு காரணம் சொல்ல வேண்டும். என்ன காரணம் சொன்னான் தெரியுமா? "மாடுகளை எண்ணி, கன்றுகளுக்கு அடையாளக் குறி போட வேண்டிய நேரம் வந்துவிட்டது" என்றுதான். இதைத்தான் கோஷ யாத்திரை என்கிறார்கள். அதாவது அரசன் நேரில் போய் செய்கிற 'ஸ்டாக் டேக்கிங்' அந்தக் காலத்தில் யாரும் சந்தேகப்படாத ஒரு வழக்கமாக இருந்திருக்கிறது :-)

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் இது இன்னும் தெளிவாக இருக்கிறது. அரசாங்க மாடுகளுக்கென்று தனி அதிகாரி உண்டு. கன்று பிறந்து ஒன்றிரண்டு மாதத்திற்குள் சூட்டுக்குறி போட வேண்டும். குறி, இயற்கையான மச்சம், நிறம், இரண்டு கொம்புக்கும் நடுவே உள்ள தூரம் இவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். இன்றைய ஆதாரில் கைரேகையும் கண் படலமும் எடுப்பதற்கும் இதற்கும் தத்துவத்தில் என்ன வித்தியாசம்?

அதற்கும் முன்னால், சமஸ்கிருத இலக்கணம் எழுதிய பாணினி ஒரு சூத்திரத்தில் மாட்டுக் காதுக் குறிகளைப் பட்டியலே போடுகிறார். எட்டு, ஐந்து, மணி, அகப்பை, ஸ்வஸ்திகம் போன்ற உருவங்கள். கூடவே பிளந்த காது, வெட்டிய காது, துளையிட்ட காது. இலக்கண நூலில் விதி எழுத வேண்டிய அளவுக்கு அந்த வார்த்தைகள் ஜனங்களின் பேச்சில் இருந்திருக்கின்றன என்று அர்த்தம். காதை வெட்டி அடையாளம் வைப்பது நம் பக்கத்துக் கீதாரிகளுக்கும் தெரிந்த வித்தைதான். பல பேருடைய ஆடுகள் ஒரே கிடையில் சேரும்போது வேறு வழி கிடையாது.

எண்ணிக்கை மட்டும் போதும் என்ற காலம்

இங்கே தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சுவாரஸ்யம் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நந்தா விளக்கு எரிக்க ஆடு தானம் கொடுப்பார்கள். ஒரு விளக்குக்குப் பல கல்வெட்டுகளில் 90 ஆடு, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 96 ஆடு. அந்த ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும், சூரிய சந்திரர் உள்ளவரை.

சூரிய சந்திரர் உள்ளவரை எந்த ஆடு உயிரோடு இருக்கும்? அதற்குத்தான் கல்வெட்டில் ஓர் அருமையான சொல்: 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடு! கிழ ஆடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வந்துவிடும். மந்தையில் எண்ணிக்கை குறையக் கூடாது, அவ்வளவுதான். நாம் முதல் வருஷம் படித்த 'கோயிங் கன்சர்ன்' கருத்தை ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இதைக் கவனியுங்கள். கோயிலுக்கு வேண்டியது ஒரு குறிப்பிட்ட ஆடு அல்ல, நெய். ஆகவே இந்தக் கணக்குக்கு ஒவ்வோர் ஆட்டுக்கும் தனி அடையாளம் தேவைப்படவே இல்லை. கொடுத்தவர், வாங்கியவர், சாட்சி எல்லோரும் பக்கத்து ஊர்க்காரர்கள். அப்படியானால் தனி அடையாளம் எப்போது தேவைப்படுகிறது?

அதற்கு டெல்லிக்குப் போக வேண்டும். அலாவுதீன் கில்ஜி (ஆட்சி 1296–1316) தன் படையின் குதிரைகளுக்குச் சூட்டுக்குறி போடும் 'தாக்' முறையையும், வீரர்களின் அங்க அடையாளங்களை எழுதி வைக்கும் 'ஹுலியா' முறையையும் கொண்டு வந்தான். காரணம் சிம்பிள். நல்ல குதிரைக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு, மட்டக் குதிரையைக் கொண்டு வந்து நிறுத்துவது. ஒரே குதிரையை இரண்டு தடவை கணக்குக் காட்டுவது. பின்னாளில் ஷேர்ஷாவும் அக்பரும் இதே முறையைத் திரும்பக் கையில் எடுத்தார்கள். மோசடி இருக்கிற இடத்தில் அடையாளக் குறி வந்தே தீரும்.

சூட்டிலிருந்து ஊசிக்கு

சூட்டுக்குறியில் இரண்டு பெரிய குறைகள். ஒன்று, அந்த ஜீவன் படும் வேதனை. இரண்டு, தோல் வீணாகும். தோல் வியாபாரத்தில் சூட்டுத் தழும்பு விழுந்த தோலுக்கு விலை குறைவு. ஆடு, முயல், நாய் மாதிரி சின்னப் பிராணிகளுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பு சரிப்படவும் செய்யாது.

ஆகவே வந்தது பச்சை. நம் பாட்டிமார் கையில் குறத்தியிடம் குத்திக்கொண்ட அதே பச்சைதான், இடம் மட்டும் காது. இதற்கென்று ஓர் இடுக்கி உண்டு. 0 முதல் 9 வரை எண் அச்சுகள். ஒவ்வோர் அச்சிலும் அந்த எண்ணின் வடிவத்தில் ஊசிகள் வரிசையாக நிற்கும். வேண்டிய எண்களை இடுக்கியில் கோத்து, முதலில் ஒரு காகிதத்தில் அழுத்திச் சரிபார்ப்பார்கள் (தலைகீழாகக் கோத்துவிட்டால் ஆயுசுக்கும் தப்பு நம்பர்!). பிறகு காதின் உட்புறத்தைத் துடைத்து, நரம்பு இல்லாத இடமாகப் பார்த்து ஒரே அழுத்து. அந்தத் துளைகளில் மையை விரலாலோ பிரஷ்ஷாலோ தேய்த்து விட்டால் முடிந்தது. நம் நாட்டிலும் ஆராய்ச்சிப் பண்ணைகளில் கன்று, ஆட்டுக்குட்டி, பன்றிக்குட்டி, முயல் இவற்றுக்கு இது பழகிய முறை.

மை ஏன் அழிவதில்லை? தோலின் உள் அடுக்கில் இருக்கும் 'மேக்ரோபேஜ்' என்ற செல்கள் மைத்துகளை அந்நியப் பொருள் என்று நினைத்து விழுங்கிவிடுகின்றன. ஆனால் செரிக்க முடிவதில்லை. பிரான்ஸ் விஞ்ஞானிகள் எலி வாலில் பச்சை மை குத்திப் பார்த்து 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த செல் செத்தால் வெளியே விழும் மையை அடுத்த செல் வாங்கிக்கொள்கிறது. செல்கள் மாறினாலும் நம்பர் அப்படியே இருக்கிறது. சாவா மூவாப் பேராடு கணக்கு தோலுக்குள்ளேயும் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இடுக்கியிலும் பிரச்சினை இல்லாமல் இல்லை. ஒரே ஊசியால் நூறு காது குத்தினால் முதல் மாட்டின் ரத்தம் நூறாவது மாடு வரை போகும். மாடுகளுக்கு வரும் லுகோசிஸ் என்ற ரத்தப் புற்றுநோயின் வைரஸ் இப்படிச் சுத்தம் செய்யாத பச்சை இடுக்கி, கொம்பு அறுக்கும் கருவி வழியாகப் பரவக்கூடியது. ஒவ்வொரு தடவையும் கிருமிநாசினியில் முக்கி எடுக்க வேண்டும். அவசரத்தில் யார் செய்கிறார்கள்?

இங்கேதான் கார்ட்ரிட்ஜ் வருகிறது. இதன் முன்னோர் எடிசன் என்றால் நம்புவீர்களா? 1876-ல் அவர் காப்புரிமை வாங்கிய மின்சாரப் பேனா, பிரதி எடுப்பதற்காகக் காகிதத்தில் பொடித்துளை போடும் கருவி. அதே யோசனையில் நியூயார்க்கின் சாமுவேல் ஓ'ரைலி 1891-ல் மின்சாரப் பச்சை குத்தும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கப்புறம் ஊசிக்கட்டைத் தனியாகக் கழற்றி மாட்டும் வசதி வந்தது. கைப்பிடியும் மோட்டாரும் நிரந்தரம். ரத்தம் படுகிற ஊசியும், அதைத் தொடுகிற மையும் மட்டும் ஒரு பிளாஸ்டிக் குப்பிக்குள். குத்தியதும் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

பால்பாயின்ட் பேனா ரீஃபில், பிரிண்டர் இங்க், ஜில்லெட் பிளேடு எல்லாம் இதே வியாபார மாதிரிதான். கருவியை ஒரு தடவை விற்றுவிட்டு, மாற்றுப் பொருளை ஆயுள் முழுக்க விற்பது. ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. பிரிண்டர்காரன் கார்ட்ரிட்ஜை மாற்றச் சொல்வது அவன் லாபத்துக்கு. ஊசிக் கார்ட்ரிட்ஜை மாற்றுவது அடுத்த மாட்டின் உடம்புக்கு. பத்து மாட்டுக்கு ஒரே ஊசியை ஓட்டி மிச்சம் பிடிக்கிற காசு, பின்னால் நோய்ச் செலவாக வட்டியோடு வரும்.

நம்ம ஊர்க் கதை

இப்போது ராஜபாளையம் நாய்க்கு வருவோம். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. 2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. 2020-ல் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளங்கள் பணியகம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் மூன்றையும் அதிகாரப்பூர்வமான இனங்களாகப் பதிவு செய்தது. மூன்றில் இரண்டு நம் பக்கத்து நாய்கள்!

ஊருக்குள் ஒரு நாயின் அப்பன் பாட்டன் யாரென்று எல்லோருக்கும் தெரியும். சென்னைக்காரருக்கும் பெங்களூர்க்காரருக்கும் எப்படித் தெரியும்? வெள்ளையாக இருந்தாலே ராஜபாளையம் என்று தலையில் கட்டிவிடலாம். ஒரு குட்டியின் வம்சச் சான்றிதழை இன்னொரு குட்டிக்குக் காட்டலாம். ஆகவே காகிதத்தை நாயோடு கட்டிப்போட ஏதாவது வேண்டும். பல நாடுகளில் முதலில் அந்த வேலையைச் செய்தது காதுப் பச்சை. பிறகு அந்த இடத்துக்கு மைக்ரோசிப் வந்தது. அரிசி மணி அளவில் ஒரு கண்ணாடிக் குழல், பேட்டரி கிடையாது, 15 இலக்க எண். இந்திய கென்னல் கிளப் பதிவுக்கும் இப்போது சிப்தான். அமெரிக்காவில் பந்தயக் குதிரைகளுக்கு 1947 முதல் மேல் உதட்டின் உட்புறத்தில் பச்சை குத்திக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் 2017 முதல் பிறந்த குட்டிகளுக்கு சிப் வந்துவிட்டது.

வளர்ப்பு யானைகளுக்கும் சிப் உண்டு. உரிமைச் சான்றிதழில் அந்த எண் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் யானை ஜெயமால்யதாவை 2022-ல் அஸ்ஸாம் அரசு திரும்பக் கேட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். இந்த யானை எதுவென்று இரு தரப்புக்கும் சந்தேகம் இல்லை. யாருக்குச் சேர வேண்டும் என்பதில்தான் தகராறு. எண் அடையாளத்தைச் சொல்லும். நியாயத்தைச் சொல்லாது.

தெருநாய்களுக்கு? 2001-ம் வருஷத்து நாய் இனக் கட்டுப்பாட்டு விதிகளில், கருத்தடை செய்த நாயின் காதை நறுக்கலாம் அல்லது பச்சை குத்தலாம் என்று இரண்டு வழியும் இருந்தது. நடைமுறையில் ஜெயித்தது நறுக்கிய காது. தெருமுனையிலிருந்தே தெரியுமே! நாயைப் பிடித்துக் காதைத் திருப்பி நம்பர் படிக்க யார் தயார்?

பச்சையின் பெரிய பலவீனமே இதுதான். கிட்டப் போகாமல் படிக்க முடியாது. கறுப்புக் காதில் கறுப்பு மை தெரியாது. நம் மாவட்டத்துக் கன்னி ஆடு பெரும்பாலும் கறுப்பு. பச்சை நிற மை போட்டு, காதுக்குப் பின்னால் டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டும். எருமைக்குச் சுத்தமாக உதவாது.

அதனால்தான் கிராமத்துக்கு வந்தது மஞ்சள் காது வில்லை. 12 இலக்க எண். 2019-ல் கோமாரிக்கும் கன்று வீச்சு நோய்க்குமான தேசியத் தடுப்பூசித் திட்டம் தொடங்கியதும் நாடு முழுக்கப் பரவியது. தூரத்திலிருந்தே தெரியும், விலையும் குறைவு. ஆனால் கழன்று விழும். வேலியில், கருவேல முள்ளில் மாட்டினால் காது கிழிந்து வில்லை போய்விடும்.

போனால் என்ன? நம் பாடத்துக்கு வாருங்கள். கால்நடைக் காப்பீட்டில் ஒரு நிபந்தனை உண்டு: வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை. மாடு செத்தது உண்மை, பிரீமியம் கட்டியது உண்மை, டாக்டர் சான்றிதழும் உண்மை. ஆனால் செத்த மாடும் பாலிசியில் இருக்கிற மாடும் ஒன்றுதான் என்று நிரூபிக்கிற அந்தப் பிளாஸ்டிக் துண்டு இல்லை. கடன் வாங்கி மாடு வாங்கிய குடும்பத்துக்கு மாடும் போச்சு, பணமும் போச்சு, கடன் மட்டும் மிச்சம். கம்பெனியையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. கில்ஜியின் குதிரை மோசடியை அவர்களும் பார்த்தவர்கள்தான்.

என் யோசனை இதுதான். வில்லையும் பச்சையும் போட்டி போட வேண்டியதில்லை. வில்லை தினசரிப் பார்வைக்கு. அதே எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைக் காதின் உள்ளே பச்சையாகக் குத்தினால், வில்லை விழுந்த அன்றைக்குச் சாட்சி. தடுப்பூசி போட வருகிறபோதே செய்துவிடலாம். ஒரு மாட்டுக்கு ஒரு கார்ட்ரிட்ஜ் என்றால் நோய் பரவும் பயமும் இல்லை. காது கறுத்த மாட்டுக்கும் எருமைக்கும் சிப். பாலிசியிலும் 'வில்லை அல்லது பச்சை அல்லது சிப்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

வளர்க்கிறவருக்கு இந்த எண் எதுவும் வேண்டாம். அவருக்குத் தன் மாட்டைக் குரலிலேயே தெரியும். எண் வேண்டியது அந்த மாட்டைப் பார்த்தே இராத ஆபீஸருக்கும் ஆடிட்டருக்கும்தான். நாளைக்கு நம்மில் பாதிப் பேர் உட்காரப்போகிற நாற்காலி அது. கிளெய்ம் பாரத்தில் 'வில்லை எண்' கட்டம் காலியாக வந்தால், உடனே சிவப்பு மையை எடுக்காமல், அந்த மாட்டுக்கு வேறு ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று ஒரு தடவை கேளுங்கள்.