மாலுமிகளின் பல்முரசும் திருகோணமலைத் துறைமுகமும்

திருகோணமலைத் துறைமுகம் 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியருக்கும், அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரருக்கும் கைமாறியது. இக்கைமாற்றங்களைக் கூறுங்கால் பீரங்கிகளை எண்ணுவது வழக்கம். நாம் இங்கு மாலுமிகளின் வாயினுள்ளே நோக்க விழைகின்றோம்.

மாதக்கணக்கில் பிஸ்கற்றும் உப்பிட்ட இறைச்சியுமே உண்ட மாலுமியைப் பீடித்த நோய் ஸ்கர்வி. முரசு கருஞ்சிவப்பாக வீங்கிக் குருதி கசியும். சொத்தையற்ற பல்லும் நோகும், ஆடும், ஈற்றில் விழும். பல்லில்லாத இடத்து முரசு பெரும்பாலும் வீங்குவதில்லை. ஆறிய பழந்தழும்பு மீண்டும் வாய்திறக்கும். இக்குறிகளால் நோயை இனங்காண்பது கப்பல் வைத்தியருக்கு அரிதன்று. அதன் காரணமே அகப்படவில்லை. உயிர்ச்சத்து சீ இன்றேல் பல்லைத் தாடையெலும்புடன் பிணைக்கும் நார்களை உடல் செவ்வனே ஆக்கமாட்டாது என்பது இருபதாம் நூற்றாண்டின் அறிவு. அன்றைய மருத்துவ நூல்களோ ஈரக்காற்றையும் மாலுமியின் சோம்பலையும் ஏதுவெனக் கூறின. சோர்வு அந்நோயின் முதற்குறி. நோயாளியின் குறியையே அவனது குற்றமாக்கியமை வர்க்க நோக்கன்றி வேறு யாது?

1747 இல் ஜேம்ஸ் லிண்ட் சோலிஸ்பரி என்னும் கப்பலில் 12 நோயாளரை இவ்விருவராகப் பிரித்து, வெவ்வேறு மருந்தளித்துச் சோதித்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். அவரது நூல் 1753 இல் வெளிவந்தது. ஆயினும் எலுமிச்சைச் சாற்றைக் கடற்படை பொதுவாக வழங்க முற்பட்டது 1795 இலேயே; இடையிற் கழிந்தவை 42 ஆண்டுகள். பிரெஞ்சுப் புரட்சிப் போர் ஆட்பலத்தை அரும்பொருளாக்கிய பின்னரே அறிவுக்கு வழி திறந்தது.

அதற்கு முன்னோடியான பரீட்சை எமது துறைமுகத்தோடு தொடர்புடையது. 1794 இல் சஃபோக் என்னும் போர்க்கப்பல் எத்துறையையும் தொடாது 23 வாரம் ஓடிச் சென்னையை அடைந்தது. ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு மூன்றிலிரு பங்கு அவுன்ஸ் சாறு வழங்கப்பட்டது. சிலரிடம் தோன்றிய நோயும் சாற்றைக் கூட்டியதும் நீங்கியது. ஸ்கர்வியால் ஒருவரும் இறக்கவில்லை. மறுவருடம் ஆகஸ்டில் பீற்றர் ரெய்னியர் திருகோணமலையைக் கைப்பற்ற வந்தது அதே கப்பலிலேயாம். கோட்டை விழுந்தது சாற்றினால் என்பதன்று எமது வாதம். ஏகாதிபத்தியத்தின் கடற்கரம் நீள்வதற்கு மாலுமியின் பல் நிலைக்க வேண்டியிருந்தது என்பதே.

திருகோணமலை வளவுகளிற் காய்க்கும் தேசிக்காயும் எலுமிச்சையின் இனமே. எனினும் நோய் தடுக்கும் வலு அதற்குக் குறைவு. 1860களில் கடற்படை மத்தியதரைக்கடல் எலுமிச்சையைக் கைவிட்டு, தன் குடியேற்றங்களான மேற்கிந்தியத் தீவுகளின் தேசிக்காய்ச் சாற்றை ஏற்றது. 1875 இல் ஆர்க்டிக் சென்ற பிரித்தானிய மாலுமிகளின் முரசில் மீண்டும் குருதி கசிந்தது.