கம்பி நின்ற இடம்

1879 டிசம்பரில் புதுச்சேரி–விழுப்புரம் மீட்டர்கேஜ் பாதை திறந்தது. 38 கிலோமீட்டர்தான், ஆனா ரெண்டு அரசாங்கம்: எங்க வில்லியனூர் பிரெஞ்சு மண், விழுப்புரம் பிரிட்டிஷ் மண். நடுவில் சுங்கச் சோதனை வேறு. 1954 நவம்பர் 1-இல்தான் இந்த மண் இந்திய நிர்வாகத்துக்குள் வந்தது.

அறுபதுகளில் சென்னையிலிருந்து விழுப்புரம் வரை மின்கம்பி வந்தது. வண்டியை இழுத்தவை ஜப்பானின் மிட்சுபிஷி செய்த யாம்-1 என்ஜின்கள். கம்பி விழுப்புரத்தோடு நின்றுவிட்டது. கிளைப்பாதையில் பழையபடி கரி எஞ்சின்.

இன்று டோக்கியோவின் கெய்யோ 5000 ரயிலில் இருக்கையே திரும்புகிறது. கட்டணம் கூடுதலான வண்டியாக ஓடும்போது ஜோடி ஜோடியாக முன்னோக்கி. மற்ற நேரம் ஜன்னலோரம் நீள பெஞ்சு, நடுவில் நிற்க இடம். நம்ம ஸ்லீப்பர் பெட்டியிலும் இந்த வித்தை உண்டு: பகலில் சாயும் முதுகுப்பலகை ராத்திரி நடுப்படுக்கை.

வித்தியாசம் எங்கேன்னா, அங்கே இருக்கை தினசரி வேலைக்குப் போறவனுக்காக மாறுது. இங்கே தொலைதூரம் போறவன் தூங்குறதுக்காக. வில்லியனூரிலிருந்து புதுச்சேரி பத்து கிலோமீட்டர்தான். ஸ்டேஷன் இருந்தும் காலையில் நாங்க பஸ்ஸில்தான் தொங்குறோம். 1879-லிருந்து எங்க ஊர் ரயில் பாதையில் இருக்கு. ரயிலின் கணக்கில் எப்போ வரும்?