சிபாரிசும் சட்டமும்: பம்பாய் ஆலைகளில் வேலைக்கு ஆள் எடுத்த வரலாறு

"நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் உள்ளே இருக்கார், ஒரு வார்த்தை சொன்னா வேலை ஆயிடும்." மும்பைக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சைக் கேட்காத வீடு இருக்காது. சிபாரிசு நமக்கு வாசலைத் திறந்தும் விட்டிருக்கிறது, நம்மை வாசலில் நிறுத்தியும் வைத்திருக்கிறது. இதற்கு எதிராகத் தொழிலாளிக்கு என்ன உரிமை, எப்போது கிடைத்தது என்பதை இந்நகரின் ஆலை வரலாற்றிலிருந்து தொடங்கிச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஜாபரின் ஆட்சி

1854இல் காவஸ்ஜி தாவர் தொடங்கிய ஆலையைத் தொடர்ந்து பம்பாயில் பஞ்சாலைகள் பெருகின. நூற்றுக்கணக்கான ஆட்களைத் தேடிப் பிடிக்க மேலாளருக்கு நேரமும் இல்லை, தொடர்பும் இல்லை. ஆகவே ஆள் சேர்ப்பது, வேலை வாங்குவது, லீவு தருவது, நீக்குவது எல்லாம் ஜாபர் கைக்குப் போயின. முகாதம் என்றும் அவரைச் சொல்வார்கள். இலங்கை, மலேயா தோட்டங்களில் நம்மவர் கண்ட கங்காணியைப் போன்றவர்தான்.

ஜாபர் தன் கிராமத்தான், சாதிக்காரன், உறவுக்காரன் என்று பார்த்து எடுத்தார். வேலையில் சேர 'தஸ்தூரி' என்னும் மாமூல் உண்டு. நிரந்தர ஆள் வராத நாளில் மாற்றாகப் போகும் 'பத்லி'யின் பாடு இன்னும் மோசம். காலையில் ஆலை வாசலில் நின்று, ஜாபர் கண்ணில் பட்டால்தான் அன்றைக்குக் கூலி. ஆனால் ஊரிலிருந்து புதிதாக வந்தவனுக்குக் கடன் கொடுத்ததும், தங்க இடம் பார்த்துத் தந்ததும் பல சமயம் அதே ஜாபர்தான். அதனால்தான் அந்த முறை அத்தனை காலம் நிலைத்தது.

இன்னொரு கொடுமையும் உண்டு. தறிப் பிரிவில் கூலி அதிகம். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களை மட்டும் அங்கே விடவில்லை. நாடாவில் நூல் மாற்றும்போது நூல் முனையை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும்; எச்சில் பட்டுவிடும் என்று காரணம் சொன்னார்கள். 1928 பெரும் வேலைநிறுத்தத்தின்போது டாக்டர் அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்களிடமே கேள்வியாக எழுப்பினார். பாரபட்சம் முதலாளியிடமிருந்து மட்டும் வருவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மாற்றம் வந்த வழி

1929இல் அமைக்கப்பட்ட விட்லி தலைமையிலான அரசத் தொழிலாளர் ஆணையம் 1931இல் அறிக்கை தந்தது. ஆள் எடுக்கும் அதிகாரத்தை ஜாபரிடமிருந்து எடுத்துத் தொழிலாளர் அதிகாரிகளிடம் தரச் சொன்னது. 1935இல் பம்பாய் ஆலை முதலாளிகள் சங்கம் பத்லிகளுக்கு அட்டை கொடுத்து, அட்டை வைத்திருப்பவருக்கே முதலிடம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஜாபர் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. ஆனாலும் அவர் பிடி தளர்ந்தது.

1950இல் வந்த அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு, அரசு வேலையில் சாதி, மதம், பால், வம்சாவழி, பிறந்த இடம் முதலியவற்றைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்றது. 1895ஆம் ஆண்டு சென்னைச் சட்டப்படி கிராமப் பதவி பரம்பரையாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த வாரிசு முறை செல்லாது என்று 1960இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பா பார்த்த வேலை மகனுக்கு என்பது அரசுப் பதவியில் உரிமை ஆகாது என்பதே இதன் பொருள்.

1966இல் சிவசேனை தோன்றியபோது, தென்னிந்தியர் அலுவலகங்களில் தம் ஆட்களையே சேர்த்துக்கொள்கிறார்கள் என்பது அதன் முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அதன் பேரில் நம்மவர் பட்ட அடி சிறிதல்ல. அது நியாயமும் அல்ல. ஆனால் நமக்கு உதவியாகத் தெரிந்த சிபாரிசு, வாசலில் நின்ற அடுத்தவனுக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்றைய உரிமை

மகாராஷ்டிரத்தின் 1971ஆம் ஆண்டுச் சட்டம், தகுதியைப் பாராமல் ஒரு சாரார்க்குச் சலுகை காட்டுவதை 'நியாயமற்ற தொழில் நடைமுறை' என்று பட்டியலிட்டது. 90 நாட்களுக்குள் புகார் செய்யவும் வழி வைத்தது. 1982 திருத்தத்தின் மூலம் மத்திய தொழில் தகராறுச் சட்டத்திலும் இப்பட்டியல் சேர்ந்தது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கான பாதுகாப்பு. தனியார் கம்பெனியில் மேலாளர் தன் மைத்துனனை எடுத்துக்கொண்டார் என்பதற்காக மட்டும், விண்ணப்பித்து ஏமாந்தவர் வழக்குப் போட்டு ஜெயிப்பது கடினம். பெண் என்பதால் ஒதுக்கினால் கேட்கலாம். அந்த உரிமை 1976 முதல் சட்டத்தில் இருக்கிறது. அரசு வேலையானால் 16ஆவது பிரிவு துணை. விளம்பரமும் போட்டியும் இல்லாமல் பின்வாசல் வழியாக வந்தவர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்று 2006இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பதவி உயர்வு அறிக்கை எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். கெடு தாண்டவிடாதீர்கள். நாளைக்கு நீங்களே ஆள் எடுக்கும் நாற்காலியில் உட்காரும்போது, "நம்ம ஆளா?" என்று கேட்பதற்கு முன்னால் "வேலை தெரிந்த ஆளா?" என்று கேளுங்கள். வெளியூரில் பிழைக்கும் நமக்கு அந்தக் கேள்விதான் நிரந்தரப் பாதுகாப்பு.