இடது கைக்கு வேலை வைக்காத வண்டி

யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு மண்ணெண்ணெயில் ஓடிய ஹொண்டாக்களை மறந்திருக்காது. பெற்றோல் தடை இருந்த நாட்களில், சூப்பிப் போத்தலால் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலைப் பீச்சி ஸ்ரார்ட் செய்வார்கள். எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெயை இழுத்துக்கொள்ளும். பிளக் கரிபிடித்து அடிக்கடி நின்றுபோகும். 1995 இடப்பெயர்வில் எனக்கு ஏழு வயது. அப்பாவின் சி 90 இல், ஹான்டிலுக்கும் அவருக்கும் நடுவே பூட்டியிருந்த சின்னச் சீற்றில் இருந்துதான் தென்மராட்சிக்குப் போனேன். சனநெரிசலில் பாதி வழி அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

நடுவே அப்படியொரு இடம் இருந்தது தற்செயல் அல்ல. 1956 இல் சொய்சிரோ ஹொண்டாவும் அவரது பங்காளி தக்கேயோ புஜிசாவாவும் ஜேர்மனிக்குப் போய் அங்கு ஓடிய மொபெட்டுகளைப் பார்த்தார்கள். யப்பானின் குண்டும் குழியுமான தெருக்களுக்கு அவை சரிவராது என்று பட்டது. 1958 ஓகஸ்ற்றில் சுப்பர் கப் சி 100 வெளிவந்தது. 49 சிசி, நான்கு அடிப்பு எஞ்சின். மிதிகட்டை இல்லாததால் சொல்லின் கண்டிப்பான பொருளில் இது மொபெட் அல்ல. செய்த வேலை அதுதான்.

சோபா நூடில்ஸ் கொண்டுபோகும் பையன் ஒரு கையில் தட்டைத் தூக்கியபடி ஓட்டக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது ஹொண்டாவின் நிபந்தனை. ஆகவே கிளச் லீவரை எடுத்துவிட்டு, எஞ்சின் வேகத்துக்கேற்பத் தானாகப் பிடித்து விடும் கிளச்சை வைத்தார்கள். கியர் இடது காலில், பின் பிரேக் வலது காலில், அக்சிலேற்றரும் முன் பிரேக்கும் வலது கையில். சிக்னல் சுவிச்சைக்கூட வலது பக்கம் வைத்தார்கள். சில்லு 17 அங்குலம். அந்த அளவில் ரயர் செய்யப் பெரிய கம்பனிகள் மறுக்க, சிறிய கம்பனி ஒன்றுதான் முன்வந்தது. சேறு தெறிக்காமல் காலை மறைக்கும் கவசம் பொலித்தீன் பிளாஸ்ரிக்கில் வந்தது.

இளைஞர்களுக்கு இது போதவில்லை. 1960 இல் சி 110 ஸ்போர்ட்ஸ் கப் வந்தது. கைக் கிளச், 5 குதிரைவலு, முழங்கால்களுக்கு இடையில் பெற்றோல் ராங்கி. பார்க்க அழகான வண்டிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ராங்கி மேலே ஏறியதும் நடுவிலிருந்த இடம் போய்விட்டது. சேலையோடு காலை உள்ளே வைத்து ஏற முடியாது, அரிசி மூட்டையை வைக்க முடியாது, பிள்ளைக்குச் சீற் பூட்ட முடியாது. ஸ்போர்ட்ஸ் தோற்றத்துக்குப் பெரும்பாலும் கொடுக்கும் விலை இதுதான். வேகத்தையோ நிறத்தையோ கூட்டுவதற்கு அந்த இடத்தை எடுக்கவேண்டிய அவசியம் இல்லை.

எங்கள் ஊருக்கு இதில் வேறொரு கணக்கும் உண்டு. என் சித்தப்பாவுக்கு 2009 இல் ஷெல் பட்டு இடது கை மணிக்கட்டோடு போனது. அவர் இன்றும் ஊருக்குள் ஒரு பழைய சி 70 ஓட்டுகிறார். இழந்தது வலது கையாக இருந்திருந்தால் அதே வண்டி அவருக்கு உதவாது. இடது காலை இழந்தவருக்கும் அப்படித்தான், கியர் அந்தக் காலில் இருக்கிறது. அவர்களுக்குக் கியரே இல்லாத, இரண்டு பிரேக்கும் கையில் உள்ள ஸ்கூட்டி பெப் போன்றவை பொருந்துகின்றன. பின்னால் இரண்டு பக்கச் சில்லுகளைப் பூட்டி ஓடுபவர்களை வன்னியில் காணலாம். பெப்பின் 10 அங்குலச் சில்லு கிரவல் பாதையில் குலுக்கும். ஆனாலும் முன்னால் தட்டையான இடம் இருக்கிறது. தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் பலர் காஸ் சிலிண்டரையும் பிள்ளையின் புத்தகப் பையையும் அதில்தான் வைத்துக்கொண்டு போகிறார்கள்.

2017 ஒக்ரோபரில் கப் வகையின் உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. யப்பானில் தபால்காரர்கள் ஓட்டிய அதன் எம்டி 90 வகை, பழையதாக இங்கு வந்து இன்னமும் ஓடுகிறது. சித்தப்பாவின் சி 70 க்குப் போன மாதம் கிளச் பிளேற் மாற்றினோம். பழைய சாமான் கடையில் இரண்டு நாள் தேடவேண்டியிருந்தது.